வலது காலும் நாப்பத்தெட்டு நாள் விரதமும்

எனக்கு உக்காந்து எழுதுறதுக்கெல்லாம் பொறுமை கிடையாது. முப்பது வருசம் கொண்டெய்னர் லோரி ஓட்டுனவன். ஸ்டேரிங்கைப் பிடிச்சா எட்டு மணி நேரம் உக்காருவேன், பேனாவைப் பிடிச்சா எட்டு நிமிசம் தாங்காது. இதைக்கூட ரெண்டு வரி எழுதுறேன், எழுந்து கேட் வரைக்கும் போறேன், திரும்பி வந்து அடுத்த ரெண்டு வரி எழுதுறேன். "என்னாங்க இது, ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா?"ன்னு உள்ளேர்ந்து மல்லிகா கேட்டுட்டா. மல்லிகா என் மனைவி. அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சா இது இன்னிக்கு முடியாது.

நான் கிள்ளான்காரன், பேரு சுப்ரா, வயசு அம்பத்திநாலு. என் வலது கால்ல இப்ப நாலு விரல்தான் இருக்கு. அஞ்சாவது எங்க போச்சு, மிச்சக் கால் எப்படித் தப்பிச்சுச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். "நான் நெனைச்சா நாளைக்கே சிகரெட்ட விட்டுருவேன்"னு சொல்லிக்கிட்டுத் திரியிற ஆளுங்க இருக்கீங்கல்ல, உங்களுக்குத்தான். நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

போன தீபாவளி முடிஞ்ச சமயம் ஆரம்பிச்சுச்சு. துறைமுகத்துல லோரி வரிசையா நிக்கும். எறங்கி கேட் வரைக்கும் நடந்து போயி பேப்பர் காட்டணும். பாதி தூரம் போறதுக்குள்ள வலது கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். நின்னா ரெண்டு நிமிசத்துல போயிடும், நடந்தா திரும்ப வரும். நடு ரோட்டுல சும்மா நிக்க வெக்கமா இருக்குமே, அதுக்காக ஒரு சிகரெட்டைப் பத்த வைப்பேன். சிகரெட் முடியும்போது வலியும் போயிருக்கும். சிகரெட்தான் வலியைப் போக்குதுன்னு நான் நம்பினேன்னா என் புத்திய என்ன சொல்றது. "பாத்தியாடா, இது மருந்து லா"ன்னு மணியத்துக்கிட்ட பெருமையா வேற சொன்னேன்.

மணியம் என் கூட்டாளி. ஒரே கம்பெனி, பக்கத்து பக்கத்து லோரி, ஒரே பிராண்டு சிகரெட். என் பாக்கெட்ல தீந்தா அவன் பாக்கெட், அவன்து தீந்தா என்து. இருபத்திரெண்டு வருசமா இப்படித்தான் ஓடிச்சு.

மல்லிகா ஒருநாள் பாசார்ல பாத்துட்டா. மீன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவுல நான் மூணு தடவ நின்னேன். மறுநாள் காலையில பசியாறக்கூட விடாம கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போயிட்டா. அங்க ஒரு சின்ன வயசு மலாய்க்கார டாக்டரம்மா, பிரஷர் பாக்குற பட்டையைக் கையில கட்டுனாங்க, அப்புறம் அதையே கணுக்கால்லயும் கட்டுனாங்க. கால்ல எதுக்கு பிரஷர் பாக்குறாங்கன்னு எனக்குச் சிரிப்பு. கையிலயும் கால்லயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்னா இருக்கணுமாம். எனக்குக் கால்ல பாதிதான் இருந்துச்சு. அப்படின்னா காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம். இதயத்துல அடைச்சா ஹார்ட் அட்டாக்குன்னு சொல்றோம்ல, அதே சமாச்சாரம் கால்ல.

"சிகரெட்டை நிறுத்துங்க. எப்பவும் சப்பாத்து போட்டுக்கிட்டு நடங்க, வெறுங்கால் ஆகாது. கால்ல சின்னக் காயம் பட்டாலும் ஓடி வாங்க"ன்னு மூணே மூணு விசயம் சொன்னாங்க. நான் மூணுக்கும் தலையாட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியில சிகரெட் நிறுத்துறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, அங்க போங்கன்னு ஒரு கடிதமும் குடுத்தாங்க.

அங்கதான் ஷீலாவைப் பாத்தேன். பார்மசிஸ்ட். பிரிக்பீல்ட்ஸ் பொண்ணு, என் மக வயசு இருக்கும். மேசை மேல மருந்தெல்லாம் பரப்பி வச்சிருந்துச்சு.

"அங்கிள், ஒரு நாளைக்கு எத்தனை?"

"இருபது, இருபத்தஞ்சு."

"காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல மொத சிகரெட்?"

"பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி."

அது எழுதிக்கிச்சு. அப்புறம் ஒவ்வொன்னா காட்டுச்சு. ஒன்னு, தோல் கலர்ல பெரிய பிளாஸ்டர். கையில ஒட்டிக்கிட்டா சிகரெட்ல இருக்கிற நிகோட்டின் கொஞ்சம் கொஞ்சமா தோல் வழியா உள்ள போகுமாம், புகை இல்லாம. இன்னொன்னு நிகோட்டின் சுவிங்கம். மூணாவது மாத்திரை. மாத்திரைய ஆரம்பிச்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் சிகரெட்ட நிறுத்தணும், அது வரைக்கும் பிடிக்கலாம்னு சொன்னுச்சு. "அட, இது நல்ல மருந்தா இருக்கே!"ன்னேன். அது சிரிக்கல. வெறும் மனசு பலத்துல நிறுத்துற ஆளுங்களும் உண்டு, ஆனா உங்களை மாதிரி ரொம்பப் பிடிக்கிறவங்களுக்கு மருந்தும் பேச்சுத்துணையும் சேந்தா நிலைக்கிறதுக்கு வாய்ப்பு கூடன்னுச்சு.

நான் எல்லாத்தையும் அது பக்கமே தள்ளி வச்சேன். "அம்மாடி, நான் வருசா வருசம் நிறுத்துறவன். தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் விரதம். சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, கவுச்சி கிடையாது, தரையில படுக்கை. பதினெட்டு வருசம் காவடி எடுத்திருக்கேன், ஒரு நாள் தவறுனதில்ல. அடுத்த வாரம் விரதம் ஆரம்பம். இதுக்குப் போயி பிளாஸ்டரா?"

"நாப்பத்தொம்பதாவது நாள் என்ன செய்வீங்க அங்கிள்?"

"அதான் விரதம் முடிஞ்சிருமே."

அது பேனாவை மூடி வச்சுச்சு. "நாங்க கத்தோலிக் அங்கிள். எங்கப்பா தவக்காலம் நாப்பது நாளும் ஒரு சொட்டு குடிக்க மாட்டாரு. எங்களுக்கு அந்த நாப்பது நாள் நிம்மதியா இருக்கும். ஈஸ்டர் வருதுன்னாதான் பயமா இருக்கும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா சின்னப் பொண்ணு சொல்லி நான் என்ன கேக்குறதுன்னு ஒரு திமிர். சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

விரதம் எப்பவும் போல சுலபமாத்தான் இருந்துச்சு. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எனக்கு அப்பப் புரியல. வீட்டுல தனிப் பாத்திரம், தனிச் சமையல். எங்க காவடி கூட்டத்துல பன்னெண்டு பேரு, மணியமும் ஒருத்தன், யாரும் தொட மாட்டான். லோரி யார்டுல மத்த டிரைவருங்க என்னைக் கண்டா சிகரெட்டை மறைச்சுக்குவாங்க. "சாமி விரதத்துல இருக்காரு லா"ன்னு ஒரு மரியாதை. ஊரே சேந்து என்னைத் தூக்கிப் பிடிச்சுச்சு. அதுக்கும் மேல, முடியிற தேதி காலண்டர்ல சிவப்பா இருந்துச்சு. நான் அந்தத் தேதியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஒரு மாசம் கழிச்சு ஷீலா ஒரு மெஷின்ல ஊதச் சொன்னுச்சு. மூச்சுல புகையோட விசவாயு எவ்வளவு இருக்குன்னு காட்டுற மெஷின். அங்க போன மொத நாள் ஊதுனப்ப இருபத்தாறு. இப்ப மூணு. புகைக்காத ஆளுக்கு இருக்கிற அளவு. "வெரி குட் அங்கிள்! தைப்பூசம் முடிஞ்ச அஞ்சாவது நாள் அப்பாயின்மென்ட் போடுறேன். எது நடந்திருந்தாலும் வந்துருங்க. அது ஒன்னுதான் கேக்குறேன்"ன்னுச்சு. சரி சரின்னேன். பத்துமலைக்கு வெறுங்காலோட காவடி எடுக்கப் போறேன்னு எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல. சொன்னா வேணாம்பாங்களே. மல்லிகா கேட்டதுக்கு, "டாக்டருக்குத் தெரியும்"னு பொய் சொன்னேன். விரதத்துல இருந்துக்கிட்டே சொன்னேன்.

பத்துமலைப் படியில நடந்ததை இப்ப நெனைச்சாலும் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. எரநூத்தி எழுபத்திரெண்டு படி. நாப்பதாவது படியிலயே கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. நான் நின்னேன், வலியில உடம்பு ஆடுச்சு. எங்க உறுமி மேளக்காரனுங்க, எனக்கு அருள் வந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இன்னும் வேகமா அடிக்க ஆரம்பிச்சுட்டானுங்க. "வேல் வேல்"னு சத்தம். சுத்தி நிக்கிற சனம் கும்பிடுது. வலிக்குதுடா, அடிக்கிறத நிறுத்துங்கடான்னு எப்படிச் சொல்றது? நான் ஆடினேன். படி ஏற ஏற நாலஞ்சு தடவ இதே கதை. கீழ எறங்குனப்ப, "இந்த வருசம் உனக்கு நல்ல அருள்டா சுப்ரா"ன்னாங்க. முருகன்கிட்ட மன்னிப்புக் கேக்குறதுக்கு எனக்கு நெறைய பாக்கி இருக்கு.

கார் பார்க்குக்கு வந்தேன். திருநீறுகூடக் கழுவல. டேஷ்போர்டுல பாக்கெட் ரெடியா இருந்துச்சு, நானேதான் முந்தின நாள் வாங்கி வச்சிருந்தேன். மொத இழுப்புல தலை சுத்துச்சு. ரெண்டாவதுல சொர்க்கம். அன்னிக்கு நாலு, மறுநாள் பத்து, மூணாவது நாள் முழுப் பாக்கெட். அஞ்சாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? ஷீலா நம்பர்லேர்ந்து மூணு தடவ ஃபோன் வந்துச்சு. மணி அடிச்சு முடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

வலது கால் சுண்டு விரல்ல ஒரு சின்ன வெட்டு. படியிலயோ தார் ரோட்டுலயோ பட்டிருக்கணும், எனக்குத் தெரியவே இல்ல. மஞ்ச மருந்து போட்டேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, ஆறல. விரல் நீலமாச்சு, அப்புறம் கறுப்பாச்சு. படுத்தா கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும், கட்டில்லேர்ந்து காலைக் கீழ தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் அடங்கும். நான் வீட்டுக்குள்ளயும் காலுறை போட்டுக்கிட்டு நடந்தேன். மல்லிகா துணி துவைக்கும்போது அந்தக் காலுறையை மோந்து பாத்திருக்கா. நேரா வந்து என் முன்னாடி முட்டி போட்டு உக்காந்து காலுறையைக் கழட்டுனா. கத்துவான்னு நெனைச்சேன். கார் சாவியை எடுத்துக்கிட்டு, "காடில ஏறுங்க"ன்னா. அந்தச் சத்தமில்லாத கொரலைக் கேட்டுத்தான் எனக்கு மொத தடவையா பயம் வந்துச்சு.

அவசரப் பிரிவுலேர்ந்து நேரா வார்டு. கையில ஊசி ஏத்தி ஒரு மருந்தை உள்ள விட்டு, பெரிய வளையத்துக்குள்ள படுக்க வச்சுப் படம் எடுத்தாங்க. அந்த மருந்து உள்ள போகும்போது உடம்பெல்லாம் சுடும், ஒன்னுக்குப் போயிட்டோமோன்னு தோணும். போகலை, பயப்படாதீங்கன்னு மிஸ்ஸி, அதான் நர்ஸ், முன்கூட்டியே சொன்னுச்சு. யாருக்காவது எடுத்தா நீங்களும் பயப்படாதீங்க.

சர்ஜன் அந்தப் படத்தோட வந்தாரு. தொடைக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்கு ரத்தக்குழாய் இருக்கிற எடமே தெரியல, வெறும் இருட்டு. சின்ன அடைப்பா இருந்தா பலூன் விட்டு ஊதித் தெறந்துரலாம், இது நீளம், அதனால பைபாஸ். என் தொடையிலேர்ந்தே வேற ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைச்ச எடத்தைத் தாண்டி ரத்தம் போறதுக்குப் புதுப் பாதை போடுவாங்க. லோரிக்காரனுக்கு பைபாஸ்னா தெரியும், நல்லாவே புரிஞ்சுச்சு. விரல் போனது போனதுதான், வெட்டணும். "கால் தப்பிக்கும். ஆனா நீங்க சிகரெட் பிடிச்சா இந்தப் புதுப் பாதையும் அடைச்சுக்கும். அப்ப நான் வெட்ட வேண்டியது விரலை இல்ல"ன்னு சொல்லிட்டு, கையில இருந்த பேனாவால முட்டிக்கு மேல, போர்வை மேலயே ஒரு கோடு இழுத்துக் காட்டுனாரு. மை ஒட்டல. ஆனா அந்த எடம் எனக்கு இன்னும் தெரியும்.

வலது கால் இல்லாம லோரி ஓட்ட முடியுமா? பிரேக் மிதிக்கிற கால், எண்ணெய், அதான் ஆக்சிலேட்டர், மிதிக்கிற கால். பாத்ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அழுது முடிச்சதும் என்ன தோணுச்சு தெரியுமா? ஒரு சிகரெட் கெடைச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு.

ஆபரேசனுக்கு அஞ்சு நாள் காத்திருக்கணும். பார்வையாளர் நேரத்துல மணியம் வந்தான், கடையில பொட்டலம் கட்டி தப்பாவ் பண்ண மீ கோரெங் நூடுல்ஸோட. "வாடா, காத்தாட ஒரு ரவுண்டு"ன்னான். அவன் சட்டைப் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். என்னை வீல்சேர்ல வச்சுத் தள்ளிட்டுப் போனான். பின்பக்கம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல, பெருசா புகைக்காதேன்னு எழுதுன போர்டுக்குக் கீழயே ஆளுக்கு ரெண்டு பிடிச்சோம். மறுநாளும் அதேதான்.

அதுக்கு அடுத்த நாள் காலையில ஷீலா வார்டுக்கே வந்து நின்னுச்சு. மல்லிகா சொல்லிவிட்டிருக்கா. கையில அந்த மெஷின். நான் முந்திக்கிட்டேன். "வார்டுக்கு வந்த நாள்லேர்ந்து தொடலம்மா, சத்தியமா."

"சரி அங்கிள். ஊதுங்க."

பதினேழு.

"அது... பக்கத்து கட்டில் ஆளு..."

"அங்கிள்." கட்டில் ஓரத்துல உக்காந்துச்சு. "நான் உங்களைத் திட்ட வரல. கால் உங்க கால். பொய் சொன்னா எந்த மருந்து எவ்வளவு குடுக்கணும்னு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அது திட்டாததால எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெறுங்கால், டேஷ்போர்டு பாக்கெட், எடுக்காத ஃபோன், ஜெனரேட்டர் ரூம். மல்லிகா பக்கத்துல நின்னு முழுசும் கேட்டா. டாக்டருக்குத் தெரியும்னு அவகிட்ட சொன்ன பொய்யும் அப்பத்தான் வெளிய வந்துச்சு. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

ஷீலா சொன்னது இதுதான்: "நீங்க பதினெட்டு வருசமா சிகரெட்டை நிறுத்தல அங்கிள், தள்ளி வச்சிருந்தீங்க. இந்தத் தடவ முடிவு தேதி கிடையாது. அதனாலதான் கஷ்டமா இருக்கும், அதனாலதான் மருந்து."

பிளாஸ்டரும் சுவிங்கமும் சேத்து எடுத்துக்கிட்டேன். மாத்திரை வேணாம்னேன், ஏற்கனவே கையளவு மாத்திரை. பிளாஸ்டரைத் தெனமும் காலையில எடம் மாத்தி ஒட்டணும், இல்லேன்னா அரிக்கும். சுவிங்கத்தை சாதாரண சுவிங்கம்னு நெனைச்சு நறநறன்னு மென்னுட்டேன், தொண்டை எரிஞ்சு அரை மணி நேரம் விக்கல். அதை ரெண்டு மெல்லு மென்னு, காரம் தெரிஞ்சதும் கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சுக்கணும், காரம் போனா திரும்ப மெல்லணும். ஆசை வந்தா ஒரு அஞ்சு நிமிசம்தான் உச்சத்துல இருக்கும், மெல்ல எறங்கிரும், கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருங்கன்னு சொல்லிக்குடுத்துச்சு. அந்த வார்டு கடிகாரத்தை நான் பாத்த மாதிரி யாரும் எதையும் பாத்திருக்க மாட்டாங்க.

கடைசியா, "துணைக்கு ஒரு ஆளு வேணும் அங்கிள். யாரு?"ன்னுச்சு.

நான் மல்லிகாவைக் கை காட்டினேன். அவ திரும்புனா. "நான் மாட்டேன். இருபத்தெட்டு வருசம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுச்சு. சோறு கொண்டாரேன், கட்டு மாத்துறேன், குளிப்பாட்டி விடுறேன். போலீஸ் வேலை மட்டும் பாக்க மாட்டேன்." கண்ணு கலங்கியிருந்துச்சு, கொரல் கலங்கல.

"சரி. சிகரெட் வேணும்னு தோணுனா மொத யாரைத் தேடுவீங்க?"

"மணியத்தைத்தான்."

"அப்ப அவர்கிட்டயே கேளுங்க."

சாயங்காலம் மணியம் வந்தான். நான் விசயத்தைச் சொன்னேன். டேய், எனக்கு ஆசை வந்தா உனக்கு ஃபோன் பண்ணுவேன், நீ பேச்சுக் குடுத்தா போதும், என் முன்னாடி மட்டும் பிடிக்காத. அவன் மூஞ்சி மாறிடுச்சு. "அப்ப என்னாலதான் உன் கால் போச்சுன்றியா? நானா உன் வாயில சொருகினேன்?" நான் அப்படிச் சொல்லலடான்றதுக்குள்ள எழுந்துட்டான். "உனக்கு ஆயிரம் டாக்டர் இருக்கான், பாத்துக்க"ன்னு போனவன்தான். ஆபரேசன் அன்னிக்கும் வரல. வலி ஊசியையும் தாண்டி அதுதான் வலிச்சுச்சு.

ஆபரேசன் ஆறு மணி நேரமாம், எனக்குத் தெரியாது. முழிச்சதும் போர்வைக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாத்தேன். முட்டி இருந்துச்சு. அதுக்குக் கீழயும் இருந்துச்சு. மிஸ்ஸி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ வந்து, கால்ல ஜெல்லி தடவி, பேனா மாதிரி ஒரு கருவிய வச்சு ரத்தம் ஓடுற சத்தத்தைக் கேக்கும். ஷூ, ஷூ, ஷூன்னு. அது கேக்குற வரைக்கும் நான் மூச்சு விட மாட்டேன். மல்லிகா அந்தச் சத்தத்தை ஃபோன்ல பதிஞ்சு மகளுக்கு அனுப்புனா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல, ஆனா நான் தூங்குன நேரத்துல இடது கால் நகத்தை எல்லாம் வெட்டி விட்டிருந்தா.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நெஜமான ஆட்டம். கை சும்மா இருக்காது. காலை மேல தூக்கி வச்சுக்கிட்டு சின்ன வெங்காயம் உரிச்சேன். வீட்டுல இருந்த வெங்காயம் முழுக்க உரிச்சாச்சு. அடுத்து பூண்டு. மூணு கிலோ. மல்லிகா ஊறுகாய் போட்டு தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்தா, அப்புறம் யாரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. காலையில கோப்பி குடிச்சா ஒடனே சிகரெட் கேக்கும். நான் சொல்லாமலே அவ கோப்பியை நிறுத்திட்டு மைலோ குடுத்தா, அவளும் அதையே குடிச்சா. அவ ஒரு கோப்பிப் பைத்தியம். டிவி சத்தமா இருந்தா கத்துனேன், சின்னதா இருந்தா கத்துனேன். மூணாவது வாரம், பக்கத்து வீட்டுல கூரை மாத்த வந்த ஆளுகிட்ட ஒன்னு வாங்கி ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன். ஒடனே தூக்கிப் போட்டுட்டு, ஷீலாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவ நானே கூப்பிட்டேன். "ரெண்டு இழுப்புக்காக மூணு வாரத்தைக் குப்பையில போடாதீங்க அங்கிள். பிளாஸ்டர் ஒட்டியிருக்கா? சரி, நாளைக்கு வாங்க"ன்னுச்சு. அவ்வளவுதான்.

நாளை எண்ணல. எண்ணுனா எனக்கு முடிவு தேதி தேடும் புத்தி வந்துரும்.

மூணு மாசத்துக்கும் மேல ஆச்சு. போன வாரம் மத்தியானம் கேட் வாசல்ல ஒரு மோட்டர் சைக்கிள் வந்து நின்னுச்சு. மணியம். எறங்கல, ஹெல்மெட்டையும் கழட்டல. நானும் உள்ள வாடான்னு சொல்லல. கேட்டுக்கு இந்தப் பக்கம் போயி நின்னேன்.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

மோட்டர் மீட்டரையே பாத்துக்கிட்டு, "டேய், நடந்தா எனக்கும் கெண்டைக்கால் பிடிக்குதுடா"ன்னான்.

"எத்தனை நாளா?"

"உன்னை வீல்சேர்ல தள்ளிட்டுப் போனேன்ல, அப்பவே. உனக்குத் தெரியாம நின்னு நின்னுதான் தள்ளினேன். நீ துணைக்கு வாடான்னு கேட்டப்ப எனக்கு..." ஹெல்மெட்டுக்குள்ள கொரல் ஒடஞ்சுச்சு. "பயந்துட்டேன்டா. அதான் ஓடிட்டேன்."

அந்த நிமிசம் எனக்கு வந்த கோவமும் பயமும் சிகரெட் ஆசையும் மூணு மாசத்துல வந்ததே இல்ல. மூணு மாசமா அந்த வலிய வச்சுக்கிட்டு இவன் தெனமும் ஒரு பாக்கெட் பிடிச்சிருக்கான். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "எனக்கு இப்ப ஒன்னு வேணும் போல இருக்குடா"ன்னேன். அவன் சட்டைப் பை மேல கையை வச்சு மூடிக்கிட்டான். ஆசை எறங்குற வரைக்கும் அஞ்சு நிமிசம் ரெண்டு பேரும் அப்படியே நின்னோம்.

இன்னிக்குக் காலையில அவனைக் கூட்டிக்கிட்டு ஷீலா இருக்கிற எடத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, கையில நம்பர் சீட்டு. மணியம் கால் ரெண்டையும் ஆட்டிக்கிட்டே இருந்தான். தண்ணி குடிக்கப் போறேன்னான், டாய்லெட் போறேன்னான், காடி லைட்டு அணைச்சோமான்னு கேட்டான். "நாளைக்கு வரலாமா?"ன்னான். நான் அவன் முட்டி மேல கையை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். ஆட்டம் நின்னுச்சு.

அவன் நம்பரைக் கூப்பிட்டாங்க. அவன் எழுந்திரிக்கல. ரெண்டாவது தடவ கூப்பிட்டாங்க. அப்பவும் எழுந்திரிக்கல.

நான் எழுந்து ஷீலா ரூம் கதவைப் பாத்து நடந்தேன். பின்னாடி அவன் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.